பின்னோக்கி நழுவும் பூனை: எந்த ஹார்னஸை நம்பலாம்?

மூன்றாம்மாடி (இழையைத் தொடங்கியவர், சென்னை)
ஞாயிறு, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டரை வயதான நாட்டுப் பூனை ஒன்று இருக்கிறது. குன்றிமணி என்று பெயர் வைத்திருக்கிறோம். எடை 3.8 கிலோ, கருத்தடை செய்தாகிவிட்டது, தடுப்பூசிகள் அனைத்தும் போட்டிருக்கிறோம். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது மடிப்பாக்கத்தில் ஒரு மழைநீர் வடிகாலின் ஓரத்திலிருந்து எடுத்து வந்தோம் என்பதால், வெளியுலகம் அவளுக்குப் புதிதல்ல. மாலையானால் வாசல் கதவின் கீழிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இணையத்தில் ஒரு ஹார்னஸ் (கயிறு மாட்டி நடத்துவதற்காக உடலைச் சுற்றிப் பூட்டும் பட்டி அல்லது சட்டை) வாங்கி, இரண்டு மாதங்களாக அடுக்ககத்தின் வளாகத்துக்குள் மட்டும் அழைத்துச் சென்று வந்தேன்.

நேற்றுக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் லாரி பின்பக்கமாக வளாகத்துக்குள் நுழைந்தது. அந்த ஒலியைக் கேட்டதும் அவள் தரையோடு தரையாகப் படுத்தாள். நான் பயந்துபோய்க் கயிற்றை என் பக்கம் இழுத்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள்; காதுகள் தலையோடு ஒட்டின; முன்னங்கால்கள் இரண்டும் ஒன்றாகக் குவிந்தன; அடுத்த நொடி என் கையில் வெறும் ஹார்னஸ்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கையிலெடுத்துப் பார்த்தால் பக்கிள் இரண்டும் பூட்டியபடியே இருக்கின்றன, உட்புறத் துணி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. எதுவும் அறுபடவில்லை, எதுவும் திறக்கவில்லை. இரவு ஒன்பதரை மணிக்குத் தண்ணீர் மோட்டார் அறையின் பின்னாலிருந்து அவளை எடுத்தோம். உடலில் காயமில்லை, ஆனால் இன்று காலை வரை கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை.

அந்த ஹார்னஸ் தலைவழியாக மாட்டும் சட்டை போன்ற வகை, வலைத்துணியால் ஆனது, வயிற்றின் இரு பக்கமும் பக்கிள் உண்டு. "சிறிய நாய், பூனை இரண்டுக்கும்" என்று அட்டையில் போட்டிருந்தது. கழுத்து 20 முதல் 28 செ.மீ., மார்பு 30 முதல் 38 செ.மீ. என்று அளவு கொடுத்திருந்தார்கள். குன்றிமணியின் கழுத்து 22, மார்பு 33. ஆக, அளவு பொருத்தமென்றே நினைத்திருந்தேன். தவறு பொருளிலா, அளவிலா, என் கையிலா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன வாங்குவது என்று முடிவு செய்ய முடியும்.

வளவுப்பூனை (கன்பரா)
ஞாயிறு, காலை 9.05

பூனை திரும்பக் கிடைத்ததே பெரிய காரியம். பதில் எழுதுமுன் மூன்று விடயங்கள் தெரிய வேண்டும், தங்கை. கயிறு மாட்டும் வளையம் முதுகில் எந்த இடத்தில் இருந்தது: பிடரிக்கு அருகிலா, தோள்பட்டைக்குப் பின்னாலா? கழுத்துத் துளை தனியாக இறுக்கக்கூடியதா? மார்புப் பட்டிக்கும் முழங்கைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருந்தது?

மூன்றாம்மாடி
ஞாயிறு, காலை 9.50

ஐயா, இப்போது அவளுக்கு மாட்டிப் பார்க்க மனம் வரவில்லை. ஒரு துவாலையைச் சுருட்டி அதன்மேல் மாட்டிப் பார்த்துச் சொல்கிறேன். கயிற்று வளையம் பிடரியிலிருந்து மூன்று விரல் தள்ளி இருக்கிறது. கழுத்துத் துளை ஒரே அளவாகத் தைக்கப்பட்டது. நாடா வைத்து அளந்தால் 27 செ.மீ. வருகிறது. வயிற்றுப் பட்டியை மட்டுமே இறுக்க முடியும். முழங்கைக்கும் பட்டிக்கும் இடையில் எவ்வளவு இருந்தது என்று நான் கவனித்ததே இல்லை. வயிற்றில் இரண்டு விரல் நுழைகிறதா என்று மட்டுமே பார்ப்பேன்.

வளவுப்பூனை
ஞாயிறு, முற்பகல் 11.20

உங்கள் விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. 22 செ.மீ. கழுத்துக்கு 27 செ.மீ. துளை. பூனை காதை மடக்கினால் அதன் தலையின் மிக அகலமான இடம் கன்ன எலும்புதான். அதைத் தாண்டி மாட்ட முடிந்த துளை, அதைத் தாண்டிக் கழலவும் செய்யும். தலைவழியாக மாட்டிய பிறகு கழுத்தில் இறுக்க வழியில்லாத எந்த ஹார்னஸையும், அது எவ்வளவு தடித்த துணியாக இருந்தாலும், நான் வாசலுக்கு வெளியே கொண்டுபோக மாட்டேன்.

நான் இதைச் சொல்வதற்கு ஒரு பின்னணி உண்டு. நான் இருக்கும் கன்பராவில் 2022 ஜூலை 1 அல்லது அதற்குப் பின் பிறந்த பூனைகளைச் சொந்த வளவுக்குள்ளேயே அடைத்து வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வெளியே போவதென்றால் கயிற்றில்தான் போக வேண்டும். உள்ளூர்ப் பறவைகளையும் சிறு விலங்குகளையும் காப்பதற்காக வந்த ஏற்பாடு அது. என் கடுவன் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவன் என்பதால் எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று; அவனோடு நான்கு வகை ஹார்னஸ்களைப் பார்த்துவிட்டேன்.

பூனை ஹார்னஸை முன்பக்கமாக இழுத்து அறுப்பதில்லை. நாய் முன்னோக்கி இழுக்கும். அதனால் நாய்க்கென்று செய்தவை மார்பின் முன்பக்கத்தில் வலுவாக இருக்கும். பயந்த பூனை பின்னோக்கி உருவிக்கொள்ளும். அப்போது கயிறு உங்கள் கையில் இறுக்கமாக இருந்தால், அந்த இறுக்கமே ஹார்னஸைப் பூனையின் தலைப்பக்கமாகத் தள்ளும். நீங்கள் நேற்று உதவி செய்ததாக நினைத்த அந்த இழுப்புதான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தது. குற்றமாகச் சொல்லவில்லை, முதன்முறை எல்லோரும் இழுக்கத்தான் செய்வோம். பூனை பின்வாங்கத் தொடங்கினால் கயிற்றைத் தளர்த்தி, குனிந்து, அதன் பக்கமாக நீங்கள் இரண்டு அடி போக வேண்டும்; அல்லது பக்கவாட்டில் சுற்றி அதன் வாலுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். கயிறு பின்னாலிருந்து வந்தால் ஹார்னஸ் தலைவழியே போகாது.

வகையைப் பற்றி. ஒரு வளையம் கழுத்துக்கு, ஒரு வளையம் மார்புக்கு, இரண்டையும் முதுகிலும் மார்பின் அடியிலும் இணைக்கும் பட்டிகள் என்று இருக்கும் வகையை இங்கே எச் வடிவம் என்பார்கள். கழுத்து, மார்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம் என்று மூன்று இடத்திலும் இறுக்கக்கூடியதாக அது இருந்தால், ஒல்லியான பூனைக்கு அதுவே சரி என்பது என் முடிவு. எட்டு வடிவம் என்ற இன்னொன்று உண்டு. அதில் வளையங்கள் ஒன்றோடொன்று ஓடும். இழுத்தால் கழுத்து இறுகும். நழுவாது, ஆனால் பயந்த பூனையின் கழுத்தை நெரித்து அதன் பயத்தை இரட்டிப்பாக்கும். சட்டை வகை அழகாக இருக்கும், பாதுகாப்பாகத் தோன்றவும் செய்யும். ஆனால் பூனையைப் பிடித்து நிறுத்துவது துணியின் அகலம் அல்ல. கழுத்துக்குப் பின்னாலும் முழங்கைக்குப் பின்னாலும் இருக்கும் இரண்டு சுற்றளவுகள்தாம்.

எதை வாங்கினாலும் கதவைச் சாத்திய அறையில் ஒரு சோதனை செய்யுங்கள். பூனைக்கு மாட்டிவிட்டு, அதன் முகத்துக்கு நேரே தரையோடு உட்கார்ந்து, கயிற்றை அதன் மூக்கின் உயரத்தில் பிடித்து மெல்ல உங்கள் பக்கம் இழுங்கள். அது பின்வாங்கும். இரண்டு மூன்று நொடி போதும். மார்புப் பட்டி முழங்கையில் போய் முட்டி நின்றால் தேறியது. முழங்கை மடிந்து பட்டிக்குள் நுழைந்துவிட்டாலோ, கழுத்து வளையம் காதின் அடியைத் தொட்டுவிட்டாலோ தேறவில்லை. உடனே விட்டுவிட்டு ஒரு துண்டு கோழி கொடுங்கள். சோதனை என்று பூனைக்குத் தெரியக்கூடாது.

கோவை_கால்நடை
ஞாயிறு, பிற்பகல் 2.15

கோயம்புத்தூரில் கால்நடை மருத்துவராகப் பணிபுரிகிறேன். மேலே எழுதியிருப்பதற்கு உடற்கூற்றுக் காரணம் ஒன்று உண்டு. நமக்குக் காறை எலும்பு ஒரு முனையில் மார்பெலும்போடும் மறு முனையில் தோள்பட்டையோடும் பிணைந்திருக்கிறது. அதனால் நம் தோளின் அகலத்தை நம்மால் குறைத்துக்கொள்ள முடியாது. பூனைக்குக் காறை எலும்பு மிகச் சிறியது. வேறெந்த எலும்போடும் இணையாமல் தசைக்குள் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே பூனை நினைத்தால் இரண்டு தோள்களையும் ஒன்றாகக் குவித்துவிட முடியும். தலை நுழையும் இடத்தில் உடலும் நுழையும் என்று வீடுகளில் சொல்வது இதனால்தான் பெரும்பாலும் உண்மையாகிறது. ஆனால் கொழுத்த பூனைக்கு இது பொருந்தாது; அதன் வயிறு சிக்கிக்கொள்ளும்.

கொழுத்த பூனைக்கு வேறொரு சிக்கல் உண்டு. கழுத்தில் கொழுப்புச் சேர்ந்த பூனைக்குக் கழுத்துக்கும் தலைக்கும் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், கழுத்து வளையத்தால் பயனே இருக்காது. மார்புப் பட்டியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட பூனைகளை வெளியே நடத்துவதைவிட முதலில் எடையைக் குறைக்கும்படி அறிவுறுத்துவேன்.

இரண்டு விரல் என்ற கணக்கு நாய்களிடமிருந்து வந்தது. நாட்டுப் பூனைக்கு ஒரு விரல் தட்டையாக நுழைந்தால் போதும். இரண்டு விரலை அடுக்கி நுழைக்க முடிந்தால் அது தளர்வு. அளக்கும்போது பூனை நின்றுகொண்டிருக்க வேண்டும். படுத்திருக்கும்போது அளந்தால் மார்பளவு மாறிவிடும்.

கழுத்துப் பட்டையில் நேரடியாகக் கயிறு கட்டுவதை யாரும் செய்ய வேண்டாம். மூச்சுக்குழலில் அழுத்தம் விழும். பூனைக்கென விற்கும் நல்ல கழுத்துப் பட்டைகளில் பக்கிள், இழுவை அதிகமானால் தானாகத் திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டிருக்கும். கிளையில் மாட்டிக்கொண்ட பூனை தூக்கில் தொங்கிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதில் கயிறு மாட்டினால் முதல் துள்ளலிலேயே பிரிந்துவிடும். தொலைபேசி எண் எழுதிய வில்லையை அதில் தொங்கவிடலாம். அதோடு மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள். அரிசி மணி அளவில் தோலுக்கடியில் செலுத்தப்படுவது. 15 இலக்க எண் ஒன்றை மட்டும் ஸ்கேனரில் காட்டும். பூனை எங்கே இருக்கிறதென்று அது காட்டாது. பலர் காட்டுமென்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

சென்னை வெயிலைப் பற்றியும் ஒரு சொல். பூனைக்குப் பாதங்களில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு வியர்க்கும். உடம்பைச் சுற்றிய தடித்த சட்டை வெப்பத்தை அடைத்து வைக்கும். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இயல்பு. பூனை அப்படிச் செய்தால் உடனே நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள், அடங்கவில்லையென்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். மேலும், வெளியே போய்வரும் பூனைக்கு உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்து தேவைப்படும். நாய்க்கு வாங்கியதை மிச்சம் பிடித்துப் பூனைக்குத் தடவாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடக்கூடியது.

ஜன்னல்வலை (சிங்கப்பூர்)
ஞாயிறு, மாலை 6.30

எல்லோரும் எந்த ஹார்னஸ் என்று பேசுகிறீர்கள்; பூனையை வெளியே அழைத்துச் செல்லத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லையே என்பதால் நான் கேட்கிறேன். இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் உரிமத்தோடும் மைக்ரோசிப்போடும் வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை அனுமதித்தார்கள். அதுவரை மறைத்து வளர்த்தவர்கள் பலரின் பூனைகள் வாசலையே பார்க்காமல் நலமாகத்தான் வாழ்ந்தன. என் இரண்டு பூனைகளுக்கு ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறேன், சமையலறை ஜன்னலோரம் பலகை போட்டிருக்கிறேன், மாலையில் இறகுக் கோலோடு இருபது நிமிடம் விளையாடுகிறேன். ஒருமுறை வெளியே போய்ப் பழகிய பூனை தினமும் அதே நேரத்துக்கு வாசலில் நின்று கத்தும். மழை பெய்தாலும் உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதற்குத் தெரியாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். உங்கள் பூனைக்கு இப்போது கண்ட சூடே போதாதா?

மூன்றாம்மாடி
ஞாயிறு, இரவு 8.10

நியாயமான கேள்விதான், அக்கா. கத்துவது உண்மை, ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே தொடங்கிவிடுவாள். பால்கனிக்கு வலை ஏற்கெனவே போட்டிருக்கிறோம். ஆனால் ஹார்னஸே வேண்டாமென்று விட்டுவிட எனக்குத் தயக்கம். மருத்துவரிடம் போகும்போதும், என்றைக்காவது வீடு மாறும்போதும், தூக்கும் கூடையின் கதவு திறந்துகொண்டால் இரண்டாவது பிடி ஒன்று இருக்க வேண்டுமல்லவா? அவள் விரும்பினால் மட்டுமே, வளாகத்துக்குப் பதில் மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லலாமென்று நினைக்கிறேன். கட்டிலுக்கடியிலிருந்து இன்று மாலை வந்து சாப்பிட்டாள்.

ஜன்னல்வலை
ஞாயிறு, இரவு 8.25

இரண்டாவது பிடி என்றால் ஏற்கிறேன். மொட்டை மாடி என்றால் ஏற்கவில்லை.

சாம்பல்வால் (திருச்சிராப்பள்ளி)
திங்கள், காலை 8.00

வளவுப்பூனை ஐயாவின் கருத்தோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். என்னிடம் இருப்பது பாரசீகப் பூனை. எச் வடிவப் பட்டியை மாட்டினால் அக்குளில் முடி சிக்குப்பிடித்து, ஒரு வாரத்தில் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாயிற்று. சட்டை வகையில் அந்தத் தொல்லை இல்லை. எனது சட்டை தலைவழியாக மாட்டுவதல்ல; முதுகின் மேல் விரித்து, கழுத்திலும் வயிற்றிலும் தனித்தனியாக வெல்க்ரோவால் மூடி, அதன்மேல் பக்கிளும் போடுவது. மூன்று ஆண்டுகளாக ஒருமுறைகூடக் கழன்றதில்லை. ஆகவே சட்டை என்றாலே நழுவும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

வளவுப்பூனை
திங்கள், காலை 8.45

உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன். கழுத்து தனியாக, மார்பு தனியாக இறுகும் சட்டை என்றால் அது எச் வடிவத்துக்குத் துணி போர்த்தியது போலத்தான். என் மறுப்பு ஒரே அளவாகத் தைத்த கழுத்துத் துளைக்கு மட்டுமே. ஒன்று மட்டும் கேட்கிறேன்: முடி அடர்ந்த பூனைக்கு அளவெடுக்கும்போது முடியை அழுத்திப் பிடித்து அளந்தீர்களா? குளிப்பாட்டி ஈரமாக இருக்கும்போது பாரசீகப் பூனையைப் பார்த்தால் பாதிதான் பூனை இருக்கும்.

சாம்பல்வால்
திங்கள், காலை 9.10

குளித்த அன்று அளந்தேன். நான்கு செ.மீ. குறைந்தது.

ஊசிநூல் (மதுரை)
திங்கள், பிற்பகல் 1.30

நான் தையற்கடை வைத்திருப்பவன். பூனை வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று பேர் இதுபோன்ற சட்டைகளைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் சில குறிப்புகளைச் சொல்கிறேன்.

வாங்கும்போது எல்லோரும் துணியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நாடாவையும், அது ஓடும் சிறு பிளாஸ்டிக் சட்டத்தையும். வழவழப்பான நைலான் நாடா, மெல்லிய சட்டத்தில் நிற்காது. ஒவ்வோர் அசைவிலும் கடுகளவு நழுவும். பத்து நாளில் இரண்டு விரல் தளர்ந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு ஒரு வழி: சரியான அளவுக்கு இறுக்கிய பின், நாடா சட்டத்தை விட்டு வெளிவரும் இடத்தில் நகப்பூச்சினால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தினமும் கிளம்புமுன் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் தளர்ந்திருக்கிறது. வளர்ந்து முடிந்த பூனை என்றால் அந்த இடத்தில் நான்கு தையல் போட்டு நிரந்தரமாக்கிவிடலாம்; குட்டி என்றால் கூடாது, வாரம் ஒருமுறை அளவு மாறும்.

கயிறு மாட்டும் உலோக வளையத்தின் வாய் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று நகத்தால் நிமிண்டிப் பாருங்கள். வெறுமனே வளைத்து விட்டிருந்தால், இழுபட இழுபட வாய் திறக்கும். அது தைக்கப்பட்டிருக்கும் இடத்தில் நேர்த்தையல் மட்டும் இருந்தால் போதாது. சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்திருக்க வேண்டும். பையின் தோள்பட்டியில் பார்த்திருப்பீர்கள்.

வெல்க்ரோவில் பூனை முடி அடைந்தால் பிடிப்புப் போய்விடும். வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கியால் தேய்த்து முடியை எடுத்துவிடுங்கள். வெல்க்ரோ மட்டுமே இருந்து பக்கிள் இல்லையென்றால், தையற்காரரிடம் கொடுத்து ஒரு பட்டி கூடுதலாகப் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அந்தச் சர்ரென்ற ஓசைக்கே சில பூனைகள் ஓடுகின்றன என்று என் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார்.

கோவை_கால்நடை
திங்கள், பிற்பகல் 3.00

அந்த ஓசைக்காகவே பக்கிள் உள்ளதைப் பரிந்துரைப்பேன். பக்கிள் பூட்டும் சொடக்கொலிக்கும் பழக்க வேண்டும்தான்: உணவு வைக்கும்போது கையில் பக்கிளை வைத்துச் சொடுக்கிக்கொண்டிருந்தால் சில நாளில் அந்த ஒலி கேட்டதும் தட்டைத் தேடி வரும்.

பயந்துபோன பூனையை மறுபடி பழக்குவது குறித்து மூன்றாம்மாடிக்கு. பழைய ஹார்னஸை அவள் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். அதில் அவளுடைய அச்சத்தின் வாசனை இருக்கும். புதியதை வாங்கியதும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நான்கைந்து நாள் சும்மா கிடக்கட்டும். பிறகு முதுகில் வைத்து எடுங்கள். பிறகு பூட்டி, ஒரு துண்டு கோழி கொடுத்து, உடனே கழற்றுங்கள். முதன்முறை பூட்டியதும் பெரும்பாலான பூனைகள் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து, எழுந்திருக்க முடியாதவை போலப் படுத்துக்கொள்ளும். நடந்தால் வயிறு தரையில் படும்படி ஊர்ந்து போகும். வலியால் அல்ல, உடலைச் சுற்றிய அழுத்தம் புதிது என்பதால். தூக்கி நிறுத்தாதீர்கள், எட்டாத தொலைவில் உணவை வைத்துவிட்டுக் காத்திருங்கள். வீட்டுக்குள் வாலை உயர்த்தி நடக்கும் நாள் வரை கயிறு மாட்டவே வேண்டாம். இதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். சில பூனைகளுக்கு ஒருபோதும் ஆகாது, அவற்றை விட்டுவிடுவதே மரியாதை.

வளவுப்பூனை
திங்கள், மாலை 4.20

கயிற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. கைப்பிடிக்குள் சுருண்டு நீளும் தானியங்கிக் கயிறு வேண்டாம். கை தவறி விழுந்தால், அந்தப் பிளாஸ்டிக் கைப்பிடி கடகடவென்று பூனையின் பின்னாலேயே துரத்திக்கொண்டு போகும். ஓட ஓடத் துரத்தும். இரண்டு மீட்டருக்கு மேற்படாத தட்டை நாடா போதும். நாய்க்கயிற்றின் கொக்கி பூனை முதுகுக்குப் பாரம். அது ஆடி ஆடி ஹார்னஸையே ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். சிறிய கொக்கியாகப் பாருங்கள்.

மொட்டை மாடி விடயத்தில் நான் சிங்கப்பூர்த் தங்கையின் பக்கம். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் பூனைக்கு ஒரு படிக்கட்டு. இரண்டு மீட்டர் கயிற்றோடு அது சுவரைத் தாண்டினால் அந்தப் பக்கம் அந்தரத்தில் தொங்கும். அப்போது ஹார்னஸ் நழுவினாலும் கேடு, நழுவாவிட்டாலும் கேடு. போகத்தான் வேண்டுமென்றால் மாடியின் நடுவில், தண்ணீர்த் தொட்டி நிழலில் இருங்கள். சுவரை நெருங்கும்போது கயிற்றைக் கையில் சுருட்டி ஒரு முழத்துக்குக் குறைத்துவிடுங்கள். எதிலாவது கட்டிவிட்டுத் துணி காயப்போடப் போகாதீர்கள்.

சாம்பல்வால்
திங்கள், மாலை 5.00

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் எப்போதும் முதுகில் பூனைப்பையோடுதான் போவேன். தெருநாய் வந்தால் பூனைக்கு ஓடி ஒளிய ஓரிடம் வேண்டும். பையைத் தரையில் வைத்து வாயைத் திறந்தால் அவனே நுழைந்துவிடுவான். நம் ஊரில் ஹார்னஸ் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு இதுவும் வேண்டும்; ஏனென்றால் நாய் பாய்ந்துவிட்டால், கழலாத ஹார்னஸ் பூனையை நாயின் முன்னால் கட்டிப்போட்டதாகிவிடும். கையில் தூக்கவும் கூடாது: பயந்த பூனை உங்கள் முகத்தின்மேல்தான் ஏறும்.

மூன்றாம்மாடி
ஐந்து வாரங்களுக்குப் பின், ஞாயிறு, காலை 8.30

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஹார்னஸ்கள் வாங்கினேன். முதலாவது மூன்று இடத்தில் இறுக்கும் எச் வடிவம். ஆனால் அதன் மிகச் சிறிய அளவே கழுத்துக்கு 24 செ.மீ. என்று வந்ததால் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது அதே வடிவம். கழுத்து 18 செ.மீ. வரை இறுகுகிறது, வளையங்கள் பற்றவைத்தவை, கழுத்திலும் மார்பிலும் தனித்தனிப் பக்கிள்.

பதினேழு நாள் சாப்பாட்டுத் தட்டோடு பழக்கினேன். பூட்டியதும் மருத்துவர் சொன்னபடியே பொத்தென்று சாய்ந்தாள். எச்சரிக்கை மட்டும் இல்லையென்றால் நான் பதறிப்போய்க் கழற்றியிருப்பேன். பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு பின்னிழுப்புச் சோதனை செய்தேன். முதல் முறை தேறவில்லை: மார்புப் பட்டி வயிற்றுப் பக்கமாகத் தள்ளி இருந்ததால், அவள் இடது முழங்கையை மடக்கி, சட்டைக் கையிலிருந்து கையை உருவுவது போல உருவிவிட்டாள். முதுகுப் பட்டியை ஒன்றரை செ.மீ. குறைத்ததும் மார்புப் பட்டி முழங்கைக்குச் சற்றுப் பின்னால் வந்து நின்றது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை எவ்வளவு பின்வாங்கியும் அசையவில்லை. விற்பவர் கொடுக்கும் அளவு அட்டவணையில் இந்த முதுகு நீளம் எங்குமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மொட்டை மாடியைக் கைவிட்டேன். எங்கள் தளத்தின் நடைவழியில், படிக்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் மட்டும் நடக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கோலத்தை முகர்ந்து பார்ப்பதும், துளசித் தொட்டியைச் சுற்றி வருவதும்தான் இப்போதைக்கு அவளுடைய வெளியுலகம். திறந்த பூனைப்பை எங்கள் வாசலில் இருக்கும். நேற்று மறுபடி தண்ணீர் லாரி வந்தது. மூன்று மாடி கீழே இருந்தாலும் ஒலி கேட்டது. அவள் தரையோடு படுத்தாள். நான் கயிற்றைத் தளர்த்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிறிது நேரம் காதை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தவள், தானாக எழுந்து பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜன்னல்வலை
ஞாயிறு, காலை 9.15

நடைவழி என்றால் எனக்கும் மறுப்பில்லை. ஆறு மணிக் கூச்சல் எப்படி இருக்கிறது?

மூன்றாம்மாடி
ஞாயிறு, காலை 9.40

இப்போது ஐந்தே முக்காலுக்குத் தொடங்குகிறது, அக்கா. நேரத்தை நாள்தோறும் மாற்றிப் பார்க்கிறேன்.

ஊசிநூல்
ஞாயிறு, முற்பகல் 11.05

நகப்பூச்சுக் கோடு போட்டீர்களா?

மூன்றாம்மாடி
ஞாயிறு, முற்பகல் 11.30

போட்டேன். நீங்கள் கேட்டதும் போய்ப் பார்த்தேன். மார்புப் பட்டியில் கோடு சட்டத்தை விட்டு அரிசி அளவு விலகி இருக்கிறது. இன்றைய நடைக்கு முன் இறுக்கிவிடுகிறேன்.